காம்பஸ் வெளியே வருவதற்கு முன்னால்

பென்னாகரம் பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பி.டி. சாராக இருக்கிறேன், 17 வருடம் ஆகிறது. எந்தப் பள்ளிக்கூடமாக இருந்தாலும் பசங்க அடித்துக்கொண்டால் முதலில் எழும் குரல் "பி.டி. சாரைக் கூப்பிடுங்கடா" என்பதுதான். பாடம் நடத்துவது மற்றவர்கள் வேலை, சண்டையை விலக்குவதும் அடிப்பதும் பி.டி. சார் வேலை என்று யாரும் எழுதிவைக்காமலே ஆகிப்போயிருக்கிறது. நானும் அதைப் பெருமையாகவே எடுத்துக்கொண்டு, அறையில் ஒரு புளிய விளாரைச் சாத்தி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் வன்முறை ஏன் வருகிறது என்று யார் கேட்டாலும் நான் அந்த விளாரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

2022 செப்டம்பர். காலாண்டுத் தேர்வுக்கு இரண்டு வாரம் இருந்தது. மதியச் சத்துணவு முடிந்து தட்டு கழுவுகிற நேரத்தில் குழாயடியில் ஒரு பத்தாம் வகுப்புப் பையன் இன்னொரு பத்தாம் வகுப்புப் பையனின் தோளில் காம்பஸை இறக்கிவிட்டான். ஜாமெட்ரி பாக்ஸில் இருக்குமே, வட்டம் போடுகிற அதே காம்பஸ். நான் ஓடிப் போனபோது குத்தியவன் ஓடியிருக்கவில்லை, அதைக் கையில் பிடித்தபடி ஈரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். குத்துப்பட்டவனின் சட்டையைக் கழற்றித் துண்டை மடித்து அழுத்திப் பிடித்தேன். அப்போதுதான் அவன் முதுகைப் பார்த்தேன். பெல்ட் தடம், பழையதும் புதியதுமாக. ஜி.எச்.சில் நான்கு தையல் போட்டார்கள். கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் கழுத்து.

ஆசிரியர் அறையில் எல்லோரும் "இவனா?" என்றார்கள். குத்தியவன் அவ்வளவு அமைதியான பையன். நான் மட்டும் அப்படிக் கேட்கவில்லை, ஏனென்றால் பன்னிரண்டு நாள் முன்னால் அவன் என்னிடம் வந்திருந்தான். "சார், பேர் வச்சுக் கூப்பிடுறாங்க சார்" என்று கதவோரமாக நின்று சொன்னான். நான் குறுவட்டப் போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கக்கூட இல்லை. "ஆம்பளப் பையன்தானே, இதுக்கெல்லாம் வந்து நிக்கிற, போய் படிக்கிற வழியப் பாரு" என்றேன். போய்விட்டான். அந்த மாதமே இரண்டு முறை லேட்டாக வந்ததற்கு அவனுக்கு விளாரால் அடி கொடுத்திருக்கிறேன். அவன் ஊருக்குக் காலையில் ஒரே டவுன் பஸ், அது வராவிட்டால் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

அப்புறம் நானும் வகுப்பாசிரியரும் உட்கார்ந்து அவனிடமும், மற்றவனிடமும், சுற்றி நின்ற பையன்களிடமும் தனித்தனியாகப் பேசி, நடந்ததைப் பின்னோக்கிக் கோத்துப் பார்த்தோம். ஜூனில் பெஞ்சு மாற்றும்போது ஆரம்பித்திருக்கிறது. குத்திய பையனின் அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலை, இவன் ஊரில் ஆயாவோடு இருக்கிறான். எங்கள் பக்கம் பாதி வீடுகள் இப்படித்தான், தீபாவளிக்கும் ஊர்ப் பண்டிகைக்கும்தான் பெற்றவர்கள் முகம் பார்க்கிற பிள்ளைகள் நிறைய. அம்மா வெளியூரில் இருப்பதை வைத்து, குத்துப்பட்டவனும் அவனோடு சேர்ந்தவர்களும் இவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஜூலையில் செருப்பை எடுத்து ஒளிப்பது, சத்துணவு முட்டையைப் பிடுங்குவது. ஆகஸ்டில் ஒருவன் இவன் வாயைப் பிளந்து தூங்கும்போது படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கியிருக்கிறான். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்கென்று வாங்கிக் கொடுத்த போன்கள்தான், வகுப்பு முடிந்தும் கையிலேயே தங்கிவிட்டன. முன்பெல்லாம் சாயங்காலம் பஸ் ஏறினால் கிண்டல் அன்றைக்கு முடிந்துவிடும், இப்போது ராத்திரி பதினொரு மணிக்கும் ஆயா வீட்டுத் திண்ணையில் அந்த ஸ்டிக்கர் வந்து விழுகிறது. சம்பவத்தன்று காலையில் இவன் கணக்கு நோட்டில் தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள்.

காம்பஸைப் பற்றி அவன் சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "மூணு நாளா பாக்கெட்ல வச்சிருந்தேன் சார். இன்னிக்கு அந்தப் பேரச் சொல்லலன்னா எடுக்க வேணாம்னு நெனச்சுக்குவேன்."

மூன்று நாள் அவன் தினமும் எங்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறான். "திடீர்னு நடந்துடுச்சு" என்று இனி யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வராது. 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றபோது எங்கள் ஆசிரியர் அறையில் சினிமா, செல்போன், வளர்ப்பு என்று பேசித் தீர்த்துவிட்டு மணி அடித்ததும் எழுந்து போனோம். அதெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் சினிமாவையும் ஊரையும் காரணம் காட்டினால் நாம் செய்ய வேண்டியது எதுவும் மிச்சம் இருக்காது, அதனால்தான் அந்தப் பேச்சு நமக்கு அவ்வளவு வசதியாக இருக்கிறது. குத்துப்பட்டவனுக்கு அப்பா பெல்ட்டால் அடிக்கிறார், நான் விளாரால் அடித்தேன். பெரியவன் சின்னவனை அடித்தால் காரியம் நடக்கும் என்று அவனுக்கு வீட்டிலும் பள்ளியிலும் ஒரே பாடத்தை நடத்தியிருக்கிறோம், அவன் அதைக் குழாயடியில் செய்து பார்த்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் காயத்தைவிட அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது. இரண்டு பையன்களும் வேறு வேறு சாதி. மதியம் வரை அது ஒரு பட்டப்பெயர்ச் சண்டை. ஐந்து மணிக்குள் "அவங்க ஆளு நம்ம பையனக் குத்திட்டான்" என்று ஆகி, இரண்டு பக்கத்திலிருந்தும் பைக்கில் ஆட்கள் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்கள். 2012 நவம்பரில் சாதிக் கலவரத்தில் நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம் காலனியில் தலித் மக்களின் வீடுகள் எரிந்த தர்மபுரி மாவட்டம் இது. கேட்டில் நின்ற ஒவ்வொருவருக்கும் அது ஞாபகம் இருந்திருக்கும், எனக்கும் இருந்தது. எச்.எம். அன்றைக்கு ஒரு நல்ல காரியம் செய்தார், இரண்டு குடும்பத்தையும் ஒரே அறையில் உட்காரவைக்கவில்லை. ஒரு வீட்டாரிடம் நான் பேசினேன், இன்னொரு வீட்டாரிடம் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கும் அம்மா பேசினார். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், கையெழுத்துக்கு மட்டும் கூட்டுகிற குழு இல்லை அது. அன்றைக்கு அந்த அம்மா "ரெண்டும் நம்ம புள்ளைங்கதான், முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்க" என்று சொன்னதற்கு இருந்த மதிப்பு எங்கள் யார் பேச்சுக்கும் இல்லை.

இப்படி ஒன்று உங்கள் பள்ளியில் நடந்தால் முதல் ஒரு மணி நேரத்தைக் கவனியுங்கள். காயத்துக்கு ஆஸ்பத்திரி, இரண்டு பேரையும் வேறு வேறு இடத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவரோடும் ஒரு பெரியவர், கூட்டத்தைக் கலைப்பது, யாராவது வீடியோ எடுத்திருந்தால் அது கேட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தி "ஏன்டா குத்தின?" என்று கேட்கவே கூடாது, அங்கே கேட்டால் அவன் வீறாப்பாகத்தான் ஏதாவது சொல்வான், அந்தச் சொல்லைத்தான் ஊர் பிடித்துக்கொள்ளும். போலீஸுக்குப் போனாலும் 18 வயது நிறையாதவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோக வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதைப் பெற்றோருக்கு அந்த இடத்திலேயே நிதானமாகச் சொல்ல ஒருவராவது வேண்டும்.

"டி.சி.யக் கொடுத்து அனுப்பிடுங்க" என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். எட்டாம் வகுப்பு வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் இருக்கிறது, இவன் பத்தாவது என்பதால் அந்தப் பிரிவு காப்பாற்றாது. பத்தாவதில் பாதியில் டி.சி. வாங்கிய பையன் எங்கே போவான்? அடுத்த பஸ்ஸில் பெங்களூருக்குத்தான், செங்கல் சுமக்க. நானும் வகுப்பாசிரியரும் எச்.எம்.மிடம் கெஞ்சினோம் என்றே சொல்லலாம். பத்து நாள் கழித்து அவன் திரும்பி வந்தான். குத்துப்பட்டவனும் வந்தான். இரண்டு பேரையும் கட்டிப்பிடிக்கச் சொல்லவில்லை, "கை குடுங்கடா" என்றும் சொல்லவில்லை. அந்த மாதிரி நாடகம் பெரியவர்களுக்குத்தான் நிம்மதி தரும்.

அதற்கு மறுவாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். சண்டை, கிண்டல், தள்ளுமுள்ளு எதுவாக இருந்தாலும் நேரம், இடம், சுற்றி யார் இருந்தார்கள், இது மட்டும் எழுதினேன். யார் அடித்தான் என்பதை எழுதவில்லை, எழுதினால் அது குற்றப் பட்டியல் ஆகிவிடும், அப்புறம் மனது அந்தப் பெயர்களையே துரத்தும். இரண்டு மாதத்தில் எனக்குப் பள்ளிக்கூடம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. பாதிக்கு மேல் மூன்றே இடங்கள்: மதியம் குழாயடி, கழிப்பறைக்குப் பின்னால் உள்ள சந்து, சாயங்காலம் பஸ் ஸ்டாப். கிழமையில் திங்கள் அதிகம், பண்டிகைக்கு மறுநாள் அதைவிட அதிகம், பரீட்சைப் பேப்பர் கொடுத்த நாளும் அப்படித்தான். 4:10க்கு மணி அடிக்கும், மேல் ஊர்களுக்குப் பஸ் 5:20க்கு. ஒரு மணி பத்து நிமிடம் நூறு பிள்ளைகள் வேலை எதுவும் இல்லாமல் ரோட்டோரம் நிற்கிறார்கள், பக்கத்தில் ஒரு பெரியவர் கிடையாது. சண்டை வராவிட்டால்தான் ஆச்சரியம்.

குழாயடியில் ஆறு குழாயில் இரண்டுதான் வேலை செய்தது. பிளம்பரைக் கூப்பிட்டு மற்ற நான்கையும் சரிசெய்தோம், ஆறாம் ஏழாம் வகுப்பை ஐந்து நிமிடம் முன்னால் விட்டோம், அங்கே போய் நான் நின்றேன். விளார் இல்லாமல்தான். சும்மா நின்று "என்னடா இன்னிக்கு முட்ட வெந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருப்பேன். அது போதுமானதாக இருந்தது. சாயங்காலம் பஸ் வரும்வரை மைதானத்தைத் திறந்து வைத்து வாலிபால் நெட் கட்டினேன், பெண் பிள்ளைகளுக்கு ரிங்பால். பஸ் நேரத்தை மாற்றக் கேட்டு மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுத் திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். மூன்று முறை போக வேண்டியிருந்தது, கடைசியில் முக்கால் மணி நேரம் முன்னால் வர ஆரம்பித்தது. வன்முறைத் தடுப்பு என்றால் அறிவுரைக் கூட்டம் என்று நினைத்திருந்தேன். எங்கள் பள்ளியில் அதைப் பாதி செய்தது ஒரு பிளம்பரும் ஒரு பஸ்ஸும்.

"விளையாட்டுக்குத்தான் சார்" என்ற பதிலை என்ன செய்வது என்று நிறைய ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நார்வேயில் டான் ஓல்வியஸ் என்ற ஆராய்ச்சியாளர் பள்ளிப் பிள்ளைகளின் இந்தத் துன்புறுத்தலையே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அங்கே 1982 கடைசியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்ட பிறகுதான், 1983இல், நாடு முழுக்க இதற்கென்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். அவர் சொல்வது மூன்று அடையாளம்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, செய்பவனுக்கும் படுபவனுக்கும் பலத்தில் வித்தியாசம் இருப்பது. நான் இதைப் பசங்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கேட்கிறேன். ரெண்டு பேரும் சிரிக்கிறீங்களா, ஒருத்தன் மட்டுமா? "போதும்டா"ன்னு சொன்னா நிறுத்துறீங்களா? நேத்தும் இவன்தானா? பதிலை வாயால் சொல்லவே வேண்டாம், முகத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, அடிக்கிறவனையும் படுகிறவனையும் மட்டும் கூப்பிட்டுப் பேசிப் பிரயோஜனம் இல்லை. சுற்றி நின்று சிரிக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் அது நடக்கிறது. பின்லாந்தில் கிவா என்று ஒரு திட்டத்தைத் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கியது, அதன் அடிப்படையே இந்தச் சுற்றி நிற்கும் பிள்ளைகள்தான். எங்களுக்கு அந்தத் திட்டமெல்லாம் கிடையாது. நான் கபடி டீமில் நாலு பையன்களைக் கூப்பிட்டு, "அவனோட போய் மதியம் உக்காந்து சாப்பிடுங்க, வேற ஒண்ணும் பண்ண வேணாம், யாரையும் மிரட்டவும் வேணாம்" என்றேன். முதல் வாரம் கூச்சப்பட்டார்கள். ரெய்டு போகிற பையன் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு அந்தப் பட்டப்பெயர் பத்தே நாளில் தானாக உதிர்ந்துபோனது. ஸ்டிக்கரைப் போனிலிருந்து அழிக்க வைத்ததும் அவர்கள்தான்.

விளாரை விட்டது சுலபமாக நடக்கவில்லை. பள்ளியில் உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2010இலிருந்து நடைமுறையில் இருக்கிறது, நான் அதற்கப்புறமும் பன்னிரண்டு வருடம் அடித்தேன். நிறுத்தியதும் இரண்டு மாதம் சத்தம் கூடியது, "சார் இப்ப அடிக்க மாட்டாரு" என்று சோதித்துப் பார்த்தார்கள், சக ஆசிரியர்கள் சிலர் கோபப்பட்டார்கள், ஏன், பெற்றோரே "கண்ண மட்டும் விட்டுட்டு மத்த இடத்துல தோல உரிங்க சார்" என்று சொன்னார்கள். நான் செய்ததெல்லாம் இதுதான்: உடைத்தவன் சரிசெய்ய வேண்டும், கிழித்த நோட்டை உட்கார்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும், கோபத்தில் இருப்பவனை மைதானத்தில் இரண்டு சுற்று என்னோடு நடக்க வைத்துவிட்டு அப்புறம்தான் பேச்சு. தண்டனையாக ஓடவிடுவதில்லை, கூட நடக்கிறேன். மூன்றாவது மாதத்தில் பசங்க தாங்களாகவே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். அடிக்கிற கையிடம் யாரும் புகார் கொண்டுவர மாட்டார்கள் என்பது எனக்கு அவ்வளவு தாமதமாகத்தான் புரிந்தது.

வீட்டுக்குப் புகார் சொல்வதிலும் கவனம் வேண்டும். குத்துப்பட்ட பையனின் அப்பாவிடம் முன்பு நான் போனில் இரண்டு புகார் சொல்லியிருக்கிறேன், முதுகில் இருந்த தடங்களில் எத்தனை என் போனால் வந்தவையோ. இப்போது முதல் போன் நல்ல விஷயத்துக்குத்தான், "உங்க பையன் நேத்து நல்லா சர்வீஸ் போட்டான்" என்று. புகாரை நேரில் வரச்சொல்லிப் பேசுகிறேன், "வீட்ல அடிக்க மாட்டேன்னு சொல்லுங்க, அப்பதான் சொல்வேன்" என்று கேட்டுவிட்டு.

சாதி விஷயத்தில் நாங்கள் இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறோம். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு தேடிப் போய் வெட்டினார்கள், அதுவும் பள்ளியில் புகார் சொன்ன பிறகு. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், பள்ளிப் பெயரில் சாதி எல்லாம் வேண்டாம் என்றது. கயிறை அவிழ்க்கச் சொல்வது சரி. ஆனால் ஆசிரியர் அறையில் நாமே "அந்தப் பக்கத்துப் பசங்க" என்று பேசிக்கொண்டு, பையன்கள் கையில் கயிறு தேடுவது நடக்காது. நான் கவனிப்பது ஊர்ப் பண்டிகை நாட்களை. மாரியம்மன் பண்டிகை, பாரதக் கூத்து முடிகிற நாள், யார் தேர் எந்தத் தெருவில் போனது என்பதெல்லாம் மறுநாள் காலை பிரேயருக்கு வந்துவிடும். அதனால் முந்தின வெள்ளிக்கிழமையே பெரிய வகுப்புப் பையன்களைக் கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன், மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆசிரியர் நிற்கிறார். டீம் பிரிக்கும்போது ஊர்வாரியாகப் பிரிக்கவே மாட்டேன். நாங்குநேரியிலிருந்து நான் எடுத்துக்கொண்ட இன்னொரு பாடம், புகார் சொன்ன பிள்ளைக்கு அன்றைக்கே ஆபத்து அதிகம். யார் சொன்னார்கள் என்பது வெளியே போகக் கூடாது, அவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று அன்று இரவே ஒரு போன்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் ரத்தம் வராது, அதனால் நம் கண்ணில் படாது. ஒரு பெண்ணோடு யாரும் பேசக் கூடாது என்று முடிவுசெய்து ஒரு மாதம் தனியாக உட்காரவைத்ததை எங்கள் தமிழம்மா கண்டுபிடித்தபோது அந்தப் பெண் பள்ளியையே நிறுத்த இருந்தாள், நிறுத்தினால் எங்கள் ஊரில் அடுத்து கல்யாணப் பேச்சுதான். தொடுதல் சம்பந்தமான புகார் எதுவானாலும், செய்தது மாணவனோ ஆசிரியரோ, பள்ளிக்குள் பேசி முடிக்காதீர்கள். 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம்.

பிள்ளைகள் புகாரை எழுதிப் போடுகிற "மாணவர் மனசு" பெட்டி எச்.எம். அறை வாசலில் இருந்தது, அங்கே யார் கடிதம் போடுவார்கள்? நூலகத்துக்குள் மாற்றி, சாவியைத் தமிழம்மாவிடம் கொடுத்த பிறகுதான் சீட்டு வர ஆரம்பித்தது. குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417, இரண்டையும் குழாயடிச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறோம்.

காம்பஸ் எடுத்தவன் பத்தாவது பாஸ், பிறகு பாலிடெக்னிக் சேர்ந்தான். இன்னொருவன் கணக்கில் போய்த் துணைத் தேர்வில் எழுதித் தேறினான். இரண்டு பேரும் நண்பர்கள் ஆகவில்லை, எதிர்ப்பட்டால் தலையசைத்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

போன வாரம் ஒரு ஏழாம் வகுப்புப் பையன் என் அறைக் கதவோரமாக வந்து நின்றான். "சார், என் செருப்ப ஒளிச்சு வக்கிறாங்க சார்." பேனாவை மூடி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். எங்கே, எந்த நேரத்தில் என்று கேட்டேன். சாப்பாட்டு மணி, லைப்ரரி படிக்கட்டு என்றான். அந்த இடம் என் நோட்டில் இல்லை. எழுதிக்கொண்டு, மணி அடித்ததும் அவனோடு சேர்ந்து அங்கே போனேன்.